மலேரியா சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ரேபிட் கார்டு: எப்போது போடலாம், எந்தக் கோட்டை நம்பலாம்

விரல் குத்தி எடுக்கும் ரத்தத்தில் சில நிமிடத்தில் மலேரியா பார்க்கும் ரேபிட் கார்டில் விழும் கோடு கிருமியைக் காட்டுவதில்லை. கிருமி ரத்தத்தில் விட்ட புரதத்தைக் காட்டுகிறது. மலேரியா சிகிச்சையைக் கார்டை வைத்துக் கண்காணிக்கப் போய் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. மருந்து முழுக்க வேலை செய்து, காய்ச்சலும் விட்டு, குழந்தை சாப்பிட ஆரம்பித்திருக்கும். ஏழாம் நாள் யாரோ இன்னொரு கார்டு போடுவார்கள், கோடு விழும். "இன்னும் கோடு விழுகுதே டாக்டர், மருந்து கேக்கலையா?" என்று அம்மா பதறுவார். தேவையே இல்லாமல் இரண்டாவது சுற்று மருந்து தொடங்கும்.

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் சிறு கிளினிக்குகளிலும் வேலை செய்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. இங்கே மலேரியா தினமும் கையில் வருகிற நோயாக இல்லை. அதனால்தான் கைப்பழக்கம் விட்டுப்போகிறது. வரும் குழந்தையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது பயண விவரம். செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கமிருந்து வந்த குடும்பமா, ராமேஸ்வரம் அல்லது சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி வந்ததா, ஆப்பிரிக்க நாடு எதிலிருந்தாவது விடுமுறைக்கு வந்ததா என்று கேளுங்கள். பயணமே இல்லை என்றாலும் மலேரியா இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும். அவை நம் ஊரிலும் நிறைய உண்டு.

கையில் இருப்பது எந்தக் கார்டு

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். மூன்று புரதங்களில் ஒன்றையோ இரண்டையோ கார்டு தேடும்.

எச்ஆர்பி2, ஃபால்சிபாரம் என்ற மலேரியா இனம் மட்டும் சுரப்பது. கிருமி செத்த பிறகும் ரத்தத்தில் தங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் கோடு விழுவது சாதாரணம். முதல் நாள் கிருமி எண்ணிக்கை மிக அதிகமாக இருந்த குழந்தைக்கு ஒரு மாதம் தாண்டியும் விழலாம். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் மண்டகப்படிப் பந்தல் சில நாள் நிற்பது மாதிரிதான். பந்தலைப் பார்த்துச் சாமி இன்னும் ஊரில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

பிஎல்டிஎச் உயிரோடு இருக்கும் கிருமி சுரக்கும் நொதி. கிருமி அழிந்தால் இதுவும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மறையும். இதில் இன்னொரு இனமான வைவாக்ஸுக்கு மட்டுமான வகை, ஃபால்சிபாரத்துக்கு மட்டுமான வகை, எல்லா மலேரியாவுக்கும் பொதுவான 'பான்' வகை என்று மூன்று உண்டு. மூன்றாவது புரதமான ஆல்டோலேஸை சில கார்டுகளே தேடுகின்றன. அது எல்லா இனத்துக்கும் பொதுவானது.

இந்தியாவில் 2013 முதல் தேசியத் திட்டத்தில் வருவது இரட்டைக் கார்டு. அதில் பிஎஃப் (ஃபால்சிபாரம்) கோடு எச்ஆர்பி2, பிவி கோடு வைவாக்ஸ் பிஎல்டிஎச். ஒரே கார்டில் உள்ள இரண்டு கோடுகளுக்கும் சிகிச்சைக்குப் பிறகு ஒரே பொருள் இல்லை என்பதே இங்கே புரிந்துகொள்ள வேண்டியது. பிவி கோடு மறைவதற்கு அர்த்தம் உண்டு. பிஎஃப் கோடு மறையாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தனியார் கடைகளில் கிடைப்பவற்றில் பல பிஎஃப்/பான் வகை. வாங்கும்போதே அதைப் பெட்டியில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

முதல் நாள்: கார்டும் ஸ்லைடும் ஒரே குத்தில்

சிகிச்சையைக் கண்காணிக்கும் வேலை மருந்து கொடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. முதல் நாள் ஸ்மியர் (மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஸ்லைடில் தடவும் ரத்தம்) எடுக்காமல் கார்டை மட்டும் பார்த்து மருந்து கொடுத்துவிட்டால், மூன்றாம் நாள் எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது? கார்டின் முடிவு வந்ததும் மருந்தைத் தொடங்குங்கள். ஸ்லைடு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்லைடை எடுத்து வைத்துவிடுங்கள்.

கார்டுகள் எந்த வெப்பம் வரை தாங்கும் என்பது பெட்டியிலேயே இருக்கும். சில 30 டிகிரி வரை, சில 40 வரை. மதுரையின் மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பீரோவும் வெயிலில் நிறுத்திய ஜீப்பின் பின்பக்கமும் இரண்டையுமே தாண்டிவிடும். பிஎல்டிஎச் கோடுகள் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் கெடும், அதாவது முதலில் கோட்டைவிடுவது வைவாக்ஸைத்தான். குளிர்பெட்டியில் வைத்திருந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது.

உறையைப் பிரிக்கும் முன் காலாவதி தேதி பாருங்கள். பிரித்ததும் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள். பிரித்த கார்டை உடனே பயன்படுத்த வேண்டும். குழந்தையின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் கார்டின் மேல் எழுதிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள்; கைக்குழந்தைக்குக் குதிகாலின் ஓரம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயும்வரை பொறுங்கள். ஈர ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணு உடைந்து ஸ்மியர் பாழாகும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். விரலை வலிந்து பிழியாதீர்கள், திசு நீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும்.

கார்டுக்குப் பெரும்பாலும் 5 மைக்ரோலிட்டர் போதும். கிட்டோடு வரும் குழாயிலோ வளையத்திலோ உள்ள குறி வரைதான். குழந்தை கையை இழுக்கும் அவசரத்தில் ஒரு பெரிய சொட்டை விட்டுவிட்டால் பட்டை முழுக்கச் சிவந்து கோடே தெரியாது; குறைந்தால் மங்கலான கோடு தப்பிவிடும். ரத்தத்துக்கு ஒரு குழி, பஃபருக்கு (கிட்டோடு வரும் கரைசல்) ஒரு குழி. இடம் மாற்றி விட்டால் அந்தக் கார்டு வீண். பஃபர் பாட்டிலை நேராகக் கவிழ்த்து, தாளில் சொன்ன எண்ணிக்கைச் சொட்டுகளை விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். பஃபர் தீர்ந்துவிட்டது என்று சலைனோ குழாய்த் தண்ணீரோ விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இல்லாத நோயைக் காட்டும் பொய்க் கோடு அதில் விழும். வேறு கம்பெனி, வேறு லாட் பஃபரும் வேண்டாம்.

செல்போனில் அலாரம் வையுங்கள். தாளில் 20 நிமிடம் என்றிருந்தால் 20 நிமிடம்தான். முன்பே பார்த்தால் மங்கலான கோடு இன்னும் வந்திருக்காது. மதியம் போட்டுவிட்டு சாயங்காலம் பார்த்தால் ரத்தம் திரும்பி ஓடிப் பொய்க் கோடு தெரியலாம். முதலில் சி கோடு, அதாவது கார்டு வேலை செய்ததைக் காட்டும் கோடு. அது இல்லையென்றால் மற்ற கோடுகள் எப்படி இருந்தாலும் கார்டு செல்லாது. மற்ற கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கோட்டின் அடர்த்தியைப் பார்த்து "கிருமி குறைந்திருக்கிறது" என்று எழுதுவது தவறு. கார்டு கிருமியை எண்ணும் கருவி இல்லை. கிருமி மிக அதிகமாக இருக்கும்போது எச்ஆர்பி2 கோடு மங்கிப்போவதும், சில சமயம் விழாமலே போவதும் உண்டு. மோசமாக இருக்கும் குழந்தைக்குக் கார்டு நெகட்டிவ் என்றால் ஸ்லைடைத்தான் நம்ப வேண்டும்.

அதே குத்தில் வரும் அடுத்த சொட்டுகளில் கனத்த ஸ்மியரும் மெல்லிய ஸ்மியரும். கனத்த ஸ்மியர் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். தினத்தாளின் மேல் வைத்துப் பார்த்தால் அடியில் உள்ள எழுத்து மங்கலாகப் படிக்க வர வேண்டும். அதைக் கிடைமட்டமாக, ஈயும் கரப்பானும் அண்டாத இடத்தில் நிழலில் காய விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஜன்னல் வெயிலில் வைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் கோளாறு. சூட்டில் ரத்தம் ஸ்லைடில் இறுகிவிடும். பிறகு ஜீம்சா சாயத்தில் சிவப்பணுவின் நிறம் கழியாமல், பார்ப்பவருக்கு வெறும் சிவப்புத் திட்டுதான் தெரியும். மெல்லிய ஸ்மியரை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். மெத்தனால் கனத்த ஸ்மியரில் வழிந்தாலும் அதே கதிதான்.

எண்ணுவது எப்படி

"பாசிட்டிவ்", "இரண்டு பிளஸ்" என்ற ரிப்போர்ட்டை வைத்து சிகிச்சையைக் கண்காணிக்க முடியாது. எண் வேண்டும். கனத்த ஸ்மியரில் 200 வெள்ளணுக்களை எண்ணும்போது எத்தனை கிருமிகள் கண்ணில் பட்டன என்று குறித்து, அதை 8,000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டரில் உள்ள கிருமி எண்ணிக்கை வரும். 200 வெள்ளணுவுக்கு 240 கிருமி என்றால் 9,600. கிருமி 100-க்கும் குறைவாக இருந்தால் 500 வெள்ளணு வரை எண்ணி, 500-ஆல் வகுங்கள். அந்தக் குழந்தையின் உண்மையான வெள்ளணு எண்ணிக்கை கையில் இருந்தால் 8,000-க்குப் பதில் அதைப் போடுவது இன்னும் சரி. நெகட்டிவ் என்று எழுதும் முன் மைக்ரோஸ்கோப்பில் குறைந்தது 100 ஃபீல்டு பார்த்திருக்க வேண்டும்.

கேமிட்டோசைட்டுகளை, அதாவது கொசுவுக்குத் தொற்றும் கட்டத்தில் உள்ள கிருமிகளை, தனியாக எண்ணித் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஃபால்சிபாரத்தில் இந்தப் பிறை வடிவக் கிருமிகள் சிகிச்சை முடிந்தும் வாரக்கணக்கில் தெரியும். அவை குழந்தைக்குக் காய்ச்சல் தராது, மருந்து தோற்றதற்கும் அடையாளம் இல்லை. அவற்றையும் சேர்த்து "ஃபால்சிபாரம் பாசிட்டிவ்" என்று ஒற்றை வரியில் வரும் ரிப்போர்ட், எச்ஆர்பி2 கோட்டைப் போலவே ஆளை ஏமாற்றும். ஃபால்சிபாரம் பிஎல்டிஎச் கோடும் பான் கோடும் கேமிட்டோசைட் இருக்கும்வரை விழக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

எந்த நாளில் என்ன பார்ப்பது

ஒரு சிறு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முதல் மருந்து கொடுத்த நாள் பூஜ்யம். நம் மருந்து அட்டவணையில் அதுவே முதல் நாள். "மூன்றாம் நாள் ஸ்மியர்" என்று வாயால் சொன்னால் ஒருவர் 48 மணி நேரத்திலும் இன்னொருவர் 72 மணி நேரத்திலும் எடுப்பார்கள். சீட்டில் தேதியையும் மணியையும் எழுதிக் கொடுங்கள். இனி இங்கே சொல்லும் நாட்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை.

வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஸ்மியர் நெகட்டிவ் ஆகும்வரை தினமும் எண்ண வேண்டும். தீவிர மலேரியா என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் 12 முதல் 24 மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறினால் பயந்து மருந்தை மாற்ற வேண்டாம். உறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டியிருந்த கிருமிகள் முதிர்ந்து வெடித்து ரத்தத்துக்கு வருவதால் அப்படி ஆகும். புறநோயாளியாக வரும் குழந்தையை 3, 7, 14, 28-ஆம் நாட்களில் பார்த்தால் போதும். நடுவில் காய்ச்சல் வந்தால் அன்றே.

72 மணி நேரப் பார்வைதான் முக்கியம். ஆர்ட்டிசுனேட் சேர்ந்த மருந்து ஒழுங்காக உள்ளே போயிருந்தால் அதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கிருமி கண்ணில் படாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்து தோற்றதாகக் கொள்ள வேண்டும்: இரண்டாம் நாள் எண்ணிக்கை பூஜ்ய நாளைவிட அதிகம், மூன்றாம் நாள் எண்ணிக்கை பூஜ்ய நாளின் கால் பங்கு அல்லது அதற்கு மேல், மூன்றாம் நாள் கிருமியும் இருந்து அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சலும். முதல் மூன்று நாளில் கிருமி இருக்கும்போதே அபாய அறிகுறி ஏதாவது வந்தாலும் தோல்விதான். மேலே சொன்ன 9,600 குழந்தைக்குக் கால் பங்கு 2,400. மூன்றாம் நாள் 160 இருந்து, காய்ச்சல் இல்லாமல் விளையாடுகிறது என்றால் மருந்தை மாற்றாமல் மறுநாளும் ஏழாம் நாளும் ஸ்மியர் எடுங்கள். ஏழாம் நாளிலோ அதற்குப் பிறகோ கேமிட்டோசைட் அல்லாத கிருமி தெரிந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அது தோல்விதான்.

இந்த நாட்களில் கார்டுக்கு இடம் உண்டா? வைவாக்ஸுக்கு ஓரளவு உண்டு. பூஜ்ய நாளில் பிவி கோடு விழுந்து, ஏழாம் நாள் மறைந்து, குழந்தையும் நன்றாக இருந்தால், மைக்ரோஸ்கோப் தொலைவில் இருக்கும் துணை நிலையத்தில் அது ஆறுதலான செய்தி. மறையாமல் இருந்தால் ஸ்லைடு எடுத்து அனுப்ப அது ஒரு காரணம். மருந்தை மாற்ற அது போதாது. மைக்ரோலிட்டருக்குச் சுமார் 200 கிருமிக்குக் கீழே இருந்தால் கார்டு தவறவிடும் என்பதால், மறைந்த கோடும் ஸ்மியருக்கு ஈடு இல்லை. ஃபால்சிபாரத்துக்கு, 28-ஆம் நாள் வரை எச்ஆர்பி2 கார்டைத் தொடவே வேண்டாம்.

பிஎஃப்/பான் கார்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் இப்படிப் படிக்கலாம். பான் கோடு போய் பிஎஃப் கோடு மட்டும் நிற்கிறது என்றால் பழைய எச்ஆர்பி2 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் நின்றால் ஸ்மியர் கட்டாயம். சிகிச்சைக்கு முன்பே பான் மட்டும் விழுந்தது என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ். ஆனால் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலிருந்து, எரித்ரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி பக்கமிருந்து வந்த குழந்தையாக இருந்தால், எச்ஆர்பி2 மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் அங்கே உண்டு என்பதை மறக்காமல் மெல்லிய ஸ்மியரில் இனத்தை உறுதிசெய்யுங்கள்.

மருந்து தோற்றதா, மருந்தே உள்ளே போகவில்லையா

கிருமி குறையவில்லை என்றால் கிருமியைச் சந்தேகிக்கும் முன் மருந்தைச் சந்தேகியுங்கள். காலி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "கொடுத்தாச்சு" என்ற வார்த்தை போதாது. கசப்பில் துப்பியதா, வாந்தி எடுத்ததா? மருந்து கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் முழு அளவையும் திரும்பக் கொடுக்க வேண்டும். முதல் வேளையை உங்கள் கண் முன்னால் கொடுத்து உட்கார வைப்பது அதற்காகத்தான்.

குளோரோகுயினில் அளவுக் குழப்பம் தனி. மாத்திரையில் 250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது உப்பின் எடை. அதில் மருந்தாக வேலை செய்யும் பகுதியான பேஸ் 150 மில்லிகிராம்தான். வைவாக்ஸுக்குக் கணக்கு பேஸில்: கிலோவுக்கு 10, 10, 5 மில்லிகிராம் என்று மூன்று நாள். 12 கிலோ குழந்தைக்கு 120, 120, 60. உப்பின் எடையைப் பேஸ் என்று எடுத்துக்கொண்டால் 60 சதவீத மருந்துதான் உள்ளே போகும். கூடவே, கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். ஃபால்சிபாரத்துக்கு நம் மாநிலத்தில் ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் சேர்ந்த பேக். வயதுக்கு ஒரு நிறம், 1 முதல் 4 வயது வரை மஞ்சள், 5 முதல் 8 வரை பச்சை. வயதுக்குப் பேக் சரியாக இருந்து எடை ஒத்துவராத குழந்தைக்கு மருத்துவர் எடைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிரைமாகுயின் தொடங்கும் முன் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) பரிசோதனை செய்யுங்கள். அந்த நொதி குறைந்த குழந்தைக்குச் சிவப்பணு உடையும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனாலோ குழந்தை திடீரென்று வெளுத்தாலோ மருந்தை நிறுத்தி உடனே அழைத்து வரச் சொல்லி அம்மாவிடம் முதல் நாளே சொல்லுங்கள். நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி போட்ட குழந்தைக்கு இன்னொரு கவனம் வேண்டும். கிருமி போன பின், ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிவப்பணு உடையலாம். அதனால் 7, 14, 28-ஆம் நாட்களில் ஸ்மியரோடு ஹீமோகுளோபினும் பாருங்கள்.

காய்ச்சல் விடவில்லை, ஸ்மியர் சுத்தம், பிஎஃப் கோடு மட்டும் நிற்கிறது: இந்தச் சேர்க்கையில்தான் வேறு நோய் நழுவிப்போகிறது. டெங்குவுக்குப் பாருங்கள், டைபாய்டுக்குப் பாருங்கள். உண்ணிவகைப் பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் தமிழகத்தில் நன்றாகவே உண்டு. குழந்தையின் உடையை முழுக்கக் கழற்றி, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்புக் கயிறு படும் இடம் எல்லாம் கருகிய சிகரெட் சூடு போன்ற புண் இருக்கிறதா என்று தேடுங்கள். வலிக்காத புண் என்பதால் அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

வலிப்பு, எதைக் குடித்தாலும் வாந்தி, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் எழாத மயக்கம், உட்கார முடியாத தளர்ச்சி, ஆழ்ந்த வேகமான மூச்சு, கடும் வெளுப்பு, மஞ்சள் காமாலை, கருத்த சிறுநீர்: இவற்றில் ஒன்று வந்தாலும் கார்டு போட்டு நேரம் கழிக்காமல், சர்க்கரை அளவு பார்த்து, 108-இல் ராஜாஜி மருத்துவமனைக்கோ குழந்தைகள் தீவிர சிகிச்சை உள்ள பக்கத்து மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். பூஜ்ய நாள் ஸ்லைடையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள்.

28 நாளுக்குப் பிறகு

28 நாள் தாண்டி வரும் காய்ச்சலைப் புதிய நோயாகவே எடுத்துக்கொண்டு, ஸ்மியரோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து போக வேண்டும். வைவாக்ஸில் கல்லீரலில் உறங்கும் கிருமி சில வாரத்திலும் எழலாம், எட்டு ஒன்பது மாதம் கழித்தும் எழலாம். இங்கே பிவி கோடு நம்பகமான துணை, ஏனென்றால் பழைய கோடு அதுவரை நின்றிருக்காது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நம் தேசிய நெறிமுறையில் பிரைமாகுயின் இல்லை என்பதால், அந்தக் குழந்தைகளுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி வையுங்கள். பிரைமாகுயின் எடுத்த குழந்தைக்குத் திரும்ப வந்தால் முதல் கேள்வி, 14 நாளும் முடித்தார்களா என்பதுதான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் பாதி வீடுகளில் மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். கிராம சுகாதார செவிலியர் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பாசிட்டிவ் ஆன அன்றே வட்டார சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். அதே கொட்டகையில் படுக்கும் மற்ற குழந்தைகளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். சூளையில் வேலை முடிந்து குடும்பம் 28-ஆம் நாளுக்கு முன்பே ஊருக்குக் கிளம்புகிறது என்றால் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: கிருமியின் இனம், பூஜ்ய நாள் எண்ணிக்கை, எந்த மருந்து எந்தத் தேதியில், ஜி6பிடி முடிவு, கடைசி ஸ்மியர் தேதியும் முடிவும், பிரைமாகுயின் எத்தனை நாள் பாக்கி. "எச்ஆர்பி2 கார்டு இன்னும் பாசிட்டிவாக இருக்கலாம், ஸ்மியர் பார்க்கவும்" என்ற வரியையும் சேருங்கள். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ அதைப் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.